மார்கழியில் கழற்றிய மாலை

"நாப்பத்தி மூணு வாட்ஸ்அப் குரூப். பதினெட்டாயிரம் மெசேஜ். ஒண்ணு விடாம என் புரோகிராம் படிச்சிருச்சு. எங்கப்பாவைக் கொன்னவன் அதுல இல்லீங்க."

கவிப்பிரியா லேப்டாப்பை மேஜை மீது வைத்த வேகத்தில் ராஜாமணி அக்காவின் டீ டம்ளர் ஒரு இன்ச் நகர்ந்தது. அக்கா அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். அவருடைய பதற்றம் எப்போதும் அவ்வளவுதான்.

எங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ராஜாமணி ஆப்செட் பிரஸ், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. இருபத்தாறு வருடம் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்தவர் அக்கா. ஃப்ளெக்ஸ் வந்து தொழிலைத் தின்ற பிறகு, போர்டில் 'துப்பறியும் சேவை' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். நான் ஷாருக். அப்போது மெஷின் ஓட்டினேன், இப்போது பைக் ஓட்டுகிறேன். என் வாய் மட்டும் அப்போதும் இப்போதும் ஓவர்டைம் பார்க்கிறது.

கவிப்பிரியா பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். வயது இருபத்தேழு. அவளுடைய அப்பா மாதப்பன், காரிமங்கலம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாக இருந்த விவசாயி. போன மார்கழியில் ஒரு சந்தை நாள், சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு, மொபெட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரை ஏதோ ஒரு வண்டி பின்னாலிருந்து தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டது. புளியமரத்தடியில் கிடந்தவரைப் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏழு பத்துக்குப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். போகிற வழியில், ஏழு முப்பத்தைந்துக்கு உயிர் போனது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மொபெட் மூன்று கை மாறியது, இன்னும் யார் பெயரிலோ இருந்தது. அதனால் அன்று ராத்திரி முழுக்க அவர் ஆஸ்பத்திரியில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் ஐம்பத்தைந்து'. மறுநாள் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் போட்டோவைப் பார்த்து அடையாளம் சொன்னார்.

"காலைல பதினொண்ணு இருவதுக்கு எனக்கு போன் வந்துச்சு. அதுவரைக்கும் நான் ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் பர்த்டேக்கு கேக் சாப்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள் கவிப்பிரியா.

இடித்த வண்டி எது என்று மூன்று மாதமாக யாருக்கும் தெரியவில்லை. கேமரா இல்லாத ரோடு. அவள் லேப்டாப் பையின் சின்ன ஜிப்பைத் திறந்து பாதி நாணயம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். முனியப்பன் கோயிலில் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எவன் செய்தான் என்று தெரியாதபோது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சாமியிடம் வழக்கைக் கொடுப்பார்கள். ஒரு பாதி சாமியிடம் இருக்கிறது, மறு பாதி இவளிடம்.

"புடிச்சா என்ன செய்யணும்ங்கற?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு கேள்வி கேக்கணும். அப்புறம் அவன் ஊரு, உறவு, ஒருத்தர் பாக்கி இல்லாம அவன் மூஞ்சில காறித் துப்பணும். ஜெயில் எனக்குப் பத்தாது மேடம். ஜெயில்ல ஞாயித்துக்கெழமை சிக்கன் போடறாங்க."

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. தொப்பூர் கணவாயில் எங்க அத்தா ஸ்கூட்டரோடு விழுந்து கிடந்தபோது, முகம் தெரியாத ஒரு லாரிக்காரர் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதனால்தான் அத்தா இன்றைக்கும் உயிரோடு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இடித்துவிட்டு ஓடுகிறவன்மீது எனக்கு இரக்கமே வராது.

"உன் புரோகிராம் என்ன செய்யும்? டிவில சொல்ற மாதிரி இல்லாம எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு."

"ஒரு மெசேஜைக் குடுத்தா, அதுல என்ன சம்பவம் நடந்திருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும் மேடம். 'மோதி', 'அடிபட்டு', 'எறந்துட்டார்' இந்த மாதிரி வார்த்தை வந்தா விபத்து, சாவுன்னு பிரிச்சு வெச்சிரும். லாரி ஓனர் குரூப், சந்தை குரூப், ரத்த தான குரூப், கோயில் குரூப், எல்லாத்துலயும் லிங்க் வாங்கிச் சேந்து, உள்ள இருக்கறவங்ககிட்ட கேட்டு மார்கழி மாசத்துப் பழைய மெசேஜையும் வாங்கிட்டேன். விபத்து மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு வந்துச்சு. ஒவ்வொண்ணா பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அக்கா டீயைக் குடித்து முடித்தார். "இருவத்தாறு வருஷத்துல எத்தனை ஆயிரம் சாவு அடிச்சிருப்பேன். ஒருத்தன்கூட 'செத்துட்டார்'னு அடிக்கச் சொன்னதில்ல. இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி அடைந்தார்."

"ஒருத்தர் 'பிரமோஷன் அடைந்தார்'னு போடச் சொன்னாருங்க்கா. கவர்மெண்ட் வேலைக்காரரு" என்றேன்.

"நீ சும்மாரு. கண்ணு, உன் மெஷின் வார்த்தையத் தேடுது. கொன்னவன் வார்த்தைய எழுதுவானா? அவன் வூட்ல என்ன மாறிச்சுன்னுதான் தேடணும். அதுக்கு ஊரு வழக்கம் தெரியணும். உன் மெஷினுக்குத் தெரியாது. அது பெங்களூர்ல வளந்தது."

கவிப்பிரியா விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"எழுதிக்க. சாவு விழுந்த வூட்ல அந்த வருஷம் பொங்கப் பானை வெக்க மாட்டாங்க. நிச்சயம் பண்ணின கல்யாணத்தைத் தள்ளி வெப்பாங்க. பங்காளிங்க அத்தனை பேரும் சாவு தெரிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்க. கோயிலுக்குப் போக மாட்டாங்க. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் மாலையக் கழட்டிருவான். இப்படி எங்க வந்தாலும் அதைச் சாவுன்னு எடுத்துக்கச் சொல்லு. ஒருத்தரும் செத்துட்டார்னு எழுதியிருக்க வேண்டியதில்ல."

"ஆனா மேடம், அதெல்லாம் செத்தவங்க வூட்லதானே நடக்கும்? கொன்னவன் வூட்ல எதுக்கு நடக்கும்?"

"அதான் கேள்வி. சாவே விழாத வூட்ல சாவோட அடையாளம் இருந்தா, அந்த வூட்டுக் கதவைத் தட்டணும். போலீசுக்குப் பயப்படாம இருந்துருவான் கண்ணு. சாமிக்குப் பயப்படாம இருக்க இந்த மாவட்டத்துல எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கு?"

அவள் ஒரு மணி நேரம் தட்டினாள். அக்கா சொல்லச் சொல்ல, பதினாறாம் நாள், முப்பதாம் நாள், யார் யாருக்குத் தீட்டு, யாருக்கு இல்லை, எல்லாம் உள்ளே போனது. பிறகு ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

அந்த மார்கழி வாரத்தில் மாலையைக் கழற்றியவர்கள் ஏழு பேர்.

அடுத்த வேலை அக்காவுடையது. பரணிலிருந்த போஸ்டர் கட்டுகள், பழைய ஆர்டர் நோட்டு, மற்ற பிரஸ்காரர்களுக்கு நான்கு போன். ஏழில் ஆறு பேர் வீட்டில் யார் செத்தது, என்றைக்குச் செத்தது என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. ஒருவருக்கு மாமியார் மட்டும்தான் செத்திருந்தார். அதற்கும் கழற்றியிருக்கிறார்.

"பாசக்காரர்" என்றேன்.

"மாமியார் வூட்ல குடியிருக்கறவர்" என்றார் அக்கா.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மெசேஜ். கம்பைநல்லூர் ஐயப்ப பக்தர்கள் குரூப்பில் வந்தது.

'சாமி சரணம். குருசாமி, நான் மாலையைக் கழட்டிட்டேன். இன்னிக்கு இருமுடி கட்ட என்னை எதிர்பாக்க வேண்டாம். என் சீட்டை வேற சாமிக்குக் குடுத்துருங்க. அருள்குமார்.'

நேரம் மாலை ஏழு ஐந்து. தேதி, மாதப்பன் இடிபட்ட அதே தேதி. முன்பு இதே மெசேஜைப் படித்த புரோகிராம், 'பயணம் ரத்து' என்று ஒரு ஓரத்தில் போட்டு வைத்திருந்தது.

கவிப்பிரியா எழுந்தேவிட்டாள். "இதை நான் பாத்திருக்கேன். என் கண்ணாலயே பாத்துட்டுத் தள்ளி விட்டிருக்கேன்."

"உக்காரு" என்றார் அக்கா. "ஷாருக், உங்க மாமாவுக்குப் போன் போடு."

என் மாமா அன்வர் பாஷா வேன் ஓட்டுகிறவர். மூன்று சீசனாக அந்தக் குரூப் சாமிகளைப் பம்பைக்கு அழைத்துப் போய் வருகிறவர். சரண கோஷம் என்னைவிட அவருக்கு நன்றாக வரும். ஸ்பீக்கரில் போட்டேன்.

"காளியப்பன் மகன் அருள்குமார் சாமியா? பாவம்டா. நாப்பது நாள் வெரதம் இருந்தாரு. எட்டு மணிக்குக் கோயில்ல இருமுடி கட்டறோம், ஒம்போதரைக்கு வண்டி கெளம்பணும். ஏழு மணிக்கு மாலை கழட்டிட்டேன்னு மெசேஜ் போடறாரு. குருசாமி ரொம்ப வருத்தப்பட்டாரு."

"ஏன்னு கேக்கலையா மாமா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுடா. சாவு தவிர வேற எதுக்குக் கழட்டப் போறாங்க?"

போனை வைத்துவிட்டு என் சந்தேகத்தைச் சொன்னேன். "ஒருவேளை நாக்கு வறண்டு போய், ஒரு குவார்ட்டருக்கு ஆசைப்பட்டுக் கழட்டியிருந்தா?"

"அப்படிப்பட்டவன் யாருக்கும் தெரியாம கழட்டி சட்டைப் பையில போட்டுக்குவான். குரூப்புல போட்டு விளம்பரம் பண்ண மாட்டான்."

அக்கா மறுபடி பரணில் ஏறினார். பத்து நிமிடம் எதையோ உருட்டினார். இறங்கும்போது தலையெல்லாம் தூசி. கைப்பையை மூடிக்கொண்டு, "போலாம்" என்றார்.

*

கவிப்பிரியாவின் காரில் போனோம். பங்குனி வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து முழங்காலைச் சுட்டது. காரிமங்கலம் தாண்டி ஒரு புளியமரம் வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்காமலே கடந்தாள். அதன் பிறகு கம்பைநல்லூர் வரை வண்டியில் யாரும் பேசவில்லை. நான்கூடப் பேசவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அருள்குமார் புளி வியாபாரி. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, தரையெல்லாம் புளி கொட்டிக் கிடந்தது. ஓர் அம்மா உட்கார்ந்து மரக்கட்டையால் புளி தட்டி ஓட்டை நீக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் சின்னம்மாள் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் கட்டையை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க. யாருங்க நீங்க?"

"தர்மபுரி ராஜாமணி பிரஸ்ஸுங்க. உங்க வூட்டுக்காரரு காளியப்பன் ஐயா கருமாதிப் பத்திரிகை நான்தான் அடிச்சேன். இருவது வருஷம் இருக்கும்" என்றார் அக்கா.

"அட ஆமா! கொட்டை எழுத்துல அடிச்சுக் குடுத்தீங்க. உக்காருங்க சாமி." உள்ளே போய் மூன்று டம்ளர் மோர் கொண்டு வந்தார். "டேய் அருளு, யாரு வந்திருக்காங்கன்னு வந்து பாரு."

அருள்குமார் வந்தான். முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயது. நெற்றியில் விபூதி, வெள்ளை வேட்டி, கையெடுத்துக் கும்பிடும் பழக்கம். கொலைகாரன் என்றால் எப்படியோ இருப்பான் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எங்கள் தெருவில் அவன் இருந்திருந்தால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க விட்டிருப்பார்கள்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை அசைத்தார். முதல் கல்லை எறிகிற வேலை எப்போதும் எனக்குத்தான்.

"அண்ணா, மார்கழில மலைக்குக் கெளம்பற அன்னிக்கு மாலையக் கழட்டினீங்களாமே. உங்க வூட்ல யாரும் சாகலையே, அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க?"

அவன் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. சிரித்தான்.

"யாரும் சாகலைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? எங்க பங்காளி செத்துட்டாருங்க. எங்கப்பாவோட சித்தப்பா மகன். காரிமங்கலத்துக்கிட்ட இருந்தாரு, மாதப்பன்னு பேரு. ரோட்டுல எவனோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்."

எனக்கு மோர் புரையேறியது.

கவிப்பிரியா டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு எங்கப்பா."

"நீ... சித்தப்பா மகளா? பெங்களூர்ல இருக்கற பொண்ணா?"

"கம்பைநல்லூர்ல பங்காளி இருக்காங்கன்னு தெரியும்" என்று அவள் எங்களைப் பார்த்துச் சொன்னாள். "கூட்டுக் கெணத்துல சண்டை. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது. அதுக்கப்புறம் பேரைக்கூட எங்கப்பா வாயில எடுத்ததில்ல."

"பதினெட்டு வருஷமா ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல தங்கச்சி. அதுக்காகத் தீட்டு இல்லாமப் போயிருமா? தண்ணி பங்கைத்தான் கோர்ட்டுல பிரிக்கலாம். ரத்தத்தைப் பிரிக்க முடியுமா?" என்றான் அருள்குமார்.

முடிந்தது. எங்கள் ஒரே துப்பும் கை நழுவிப் போய்விட்டது. சாவு இல்லாத வீடு என்று தேடி வந்தோம், சாவு எங்களோடு காரில் வந்து இறங்கியிருக்கிறது. பங்காளி செத்தான், இவன் மாலையைக் கழற்றினான். இதைவிட ஒழுங்கான ஆள் மாவட்டத்தில் கிடையாது. அந்தப் புளிக் குவியலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

சின்னம்மாள் அதற்குள் கவிப்பிரியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்.

"மாதப்பன் மகளா நீ? அப்பன் மூக்கு அப்படியே இருக்கே. சாவுக்கு பெரியம்மா வரலைன்னு கோவமா கண்ணு? நான் வரேன்னுதான் சொன்னேன். இவன்தான் விடமாட்டேன்னுட்டான். அவங்க என்ன நெனைப்பாங்களோன்னான். ஆனா நாங்க முறையில ஒண்ணும் கொறை வெக்கல சாமி. அன்னிக்கு சாயந்தரமே இந்த வூட்ல எல்லாரும் தலைக்கு ஊத்திக்கிட்டோம். வெளக்கு வெச்ச நேரத்துல ஏன்டா, விடிஞ்சதும் ஊத்திக்கலாமேன்னு சொன்னேன். இவன்தான் இப்பவே ஊத்துங்கன்னு நின்னான்."

அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"எந்த சாயந்தரமுங்க?" என்று அக்கா கேட்டார். மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

"சந்தை நாளுங்க. இவன் மலைக்குக் கெளம்ப இருந்த நாளு. நெய்த்தேங்காய்க்குச் சாமானெல்லாம் சந்தையில வாங்கிக்கிட்டு வேகமா வந்தான். வந்தவன் நேரா தொட்டிக்குப் போயிட்டான். பங்காளி வூட்ல சாவும்மான்னான்."

அக்கா கைப்பையைத் திறந்து, மஞ்சள் பூத்த ஒரு பழைய பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். காளியப்பனின் கருமாதிப் பத்திரிகை. கீழே பங்காளிகள் பெயர் வரிசையில் மூன்றாவதாக மாதப்பன்.

"அக்கா! உங்களுக்குத் தெரியுமா?"

"பரண்ல ஏறினப்பவே தெரியும். அவன் வாயில இருந்து வரட்டும்னு இருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் சொல்லியிருந்தா, மூஞ்சில எழுதி ஒட்டிக்கிட்டு வந்திருப்பீங்க."

பிறகு அருள்குமார் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க தீட்டு நியாயமான தீட்டுதான். நேரம்தான் இடிக்குது. அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில கெடந்த ஒடம்புக்குப் பேரு இல்ல. டாக்டருக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. பெத்த மகளுக்கே மறுநாள் பதினொண்ணு இருவதுக்குத்தான் தெரிஞ்சுது. கம்பைநல்லூர்ல உங்க ஒருத்தருக்கு மட்டும் ஏழு அஞ்சுக்கே எப்படித் தெரிஞ்சுது?"

"யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க."

"யாரு?"

"ஞாபகம் இல்லீங்க. மூணு மாசம் ஆச்சு."

"போன் கம்பெனிக்கு ஞாபகம் இருக்கும். கேட்டுக்கலாம். அந்த நேரத்துல உங்க போன் எந்த ரோட்டுல இருந்துச்சுன்னும் அவங்களே சொல்லுவாங்க. ஒரு நாள் பொறுத்திருந்தீங்கன்னா ஒருத்தரும் உங்க பக்கம் திரும்பியிருக்க மாட்டோம். பொறுக்க முடியல. எட்டு மணிக்கு இருமுடியத் தலையில ஏத்தணும். பங்காளி சாவை வெச்சுக்கிட்டு இருமுடி ஏத்த உங்களுக்குத் தைரியம் வரல. மனுசனை ஏமாத்தலாம்னு தோணிச்சு, ஐயப்பனை ஏமாத்த முடியாதுன்னு தோணிச்சு. சரிதானுங்களே?"

அவன் வாசலைப் பார்த்தான். நான் எழுந்து போய்ப் படலைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். அந்த நேரத்தில் அவன் என்னை இடித்துக்கொண்டு ஓட முயன்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். என் கை அந்த அளவுக்குத் தினவெடுத்தது. அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"வேணும்னு இடிக்கலீங்க. சத்தியமா. எதுத்தாப்புல வந்த பஸ்சோட லைட்டு கண்ணைக் கூசிருச்சு."

சின்னம்மாள் கவிப்பிரியாவின் கையை விடவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்த்தார்.

கவிப்பிரியா மெதுவாகப் பேசினாள். மூன்று மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி.

"அண்ணா, எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

அவன் தலையைக் குனிந்தான். "தெரிஞ்சுது. தெரிஞ்சதாலதான் தங்கச்சி... வேற யாரோவா இருந்திருந்தா தூக்கி வண்டியில போட்டிருப்பேன். கெணத்துத் தண்ணி இல்லாம எங்கப்பா வெச்ச தென்னை அம்பதும் கருகிப்போச்சு. அந்த மாசம்தான் தீர்ப்பும் உங்க பக்கம் வந்துச்சு. மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் ஒரே அடியா ஏறிக்கிச்சு. அதான் உசுரு போயிருச்சே, நாம எதுக்கு மாட்டிக்கணும்னு வந்துட்டேன்."

"போகல" என்றாள் கவிப்பிரியா. "பால் வண்டிக்காரர் பாத்தப்ப மணி ஏழு பத்து. அப்ப மூச்சு இருந்துச்சு. ஏழு முப்பத்தஞ்சுக்குத்தான் போச்சு. நீ மாலை கழட்டினது ஏழு அஞ்சு. நீ தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்கும்போது எங்கப்பா உசுரோட இருந்தாரு அண்ணா. உசுரோட இருக்கறவருக்கு நீ தீட்டுக் காத்திருக்கே."



சின்னம்மாள் கவிப்பிரியாவின் கையை விட்டுவிட்டு மகனிடம் போய் நின்றார். "அருளு. நீ எறங்கிப் பாத்தப்ப அவங்க பேசினாங்களாடா?"

"எம்மா..."

"பேசினாங்களாடா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்த வார்த்தைகளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"என்னை அடையாளம் தெரியலம்மா. கறுப்பு வேட்டி, மாலை எல்லாம் பாத்துட்டு... 'சாமி, தண்ணி குடு சாமி'ன்னாங்க."

அவன் மாலையைக் கழற்றியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

கவிப்பிரியா அழவில்லை. தன் போனை எடுத்தாள். கம்பைநல்லூர் ஐயப்ப பக்தர்கள் குரூப்பைத் திறந்து, மார்கழியில் அவன் போட்ட மெசேஜை அப்படியே ஒட்டினாள். அதற்குக் கீழே நான்கு வரி எழுதினாள். யார் செத்தார், எத்தனை மணிக்கு, யாரிடம் தண்ணீர் கேட்டார், அந்தச் சாமி என்ன செய்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப். அழுத்தினாள். பிறகு பாதி நாணயத்தை எடுத்துக் கட்டிலில் அவன் பக்கத்தில் வைத்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் ஒரு முறை ஒலித்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு நிற்காமல் ஒலித்தது. உள்ளே வீட்டுக்குள் வேறு ஏதோ போனும் அடிக்க ஆரம்பித்தது. அவன் எதையும் எடுக்கவில்லை.

"எம்மா, நீயாவது நான் சொல்றதைக் கேளும்மா."

சின்னம்மாள் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பந்தலைக் கடந்து, பக்கவாட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சொம்பைத் தேடவில்லை. அங்கே கிடந்த வாளியை முழுதாக முக்கி எடுத்து, கட்டிய சேலையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டார். மறுபடி முக்கினார். மறுபடி ஊற்றிக்கொண்டார். மூன்றாவது வாளி ஊற்றும்போது அருள்குமாருக்குப் புரிந்துவிட்டது. "எம்மா, வேணாம்மா! நான் உசுரோடதாம்மா இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு எழுந்தான். நான் போய் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வாளியை வைத்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் திரும்பினார். மகன் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"கவிப்பிரியா, உள்ள கொடியில மாத்துச் சேலை கெடக்கு. எடுத்துக் குடு கண்ணு. வூட்ல சாவு விழுந்திருக்கு."

கவிப்பிரியா உள்ளே போய் சேலையை எடுத்து வந்து கொடுத்தாள்.